மேனேஜர் என்றொரு கிடா

காலை பத்து மணி இருக்கும். பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்று, குழந்தைகள் போடும் ஒரு மஞ்சள் டி-ஷர்ட்டைப் புரட்டிப் போட்டுத் தையல் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பழனியம்மா அக்கா.

"மேரி, உன்ற வெள்ளச்சி கத்துறா."

"பசிக்குக் கத்துறாளாக்கா?"

"தழை போட்டேன், மோந்துகூடப் பாக்கலெ. வாலை ஆட்டிக்கிட்டே நிக்கிறா. அவ கத்துற கத்துல என்ற ஊட்டு டிவி எனக்குக் கேக்க மாட்டேங்குது."

ஆடு வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வெள்ளாடு வெள்ளச்சிக்குப் பருவம் வந்துவிட்டது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் அது இருக்கும். அதற்குள் கிடாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை ஷிப்மெண்ட் அவசரம் என்று எனக்கு லீவு கிடைக்காமல் தவறிப்போயிருந்தது.

சூப்பர்வைசர் என் தம்பி வயதுக்காரர். கல்யாணம் ஆகாதவர். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? "ஊட்டுல ஒருத்தி காலையிலிருந்து கத்திக்கிட்டே இருக்கா சார், சோறு தண்ணி எறங்கலெ. ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"அய்யோ பாவம், போயிட்டு வாங்கக்கா" என்றார். முகத்தில் அத்தனை இரக்கம்.

என் வீட்டுக்காரர் அந்தோணி எங்கள் கம்பெனி இருக்கும் அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி ரோல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த லோடு ஆட்டோ ஒன்றை அவர்தான் பிடித்து அனுப்பினார். பின்னால் வெள்ளச்சியும் நானும். நல்லூர் வழியாகப் போகும்போது பக்கத்தில் வந்த தனியார் பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள் தெரிந்தன. வெள்ளச்சி ஒவ்வொருவரையும் பார்த்துக் கத்தினாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

வழக்கமாக நாங்கள் போகும் கிடாக்காரர் ஒரு தோட்டக்காரர். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கெடாயா? அதெப் போன வாரமே குடுத்துட்டனுங்களே" என்றார்.

"ஏனுங்க?"

"அக்கட்டப் பாருங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "லே-அவுட் போட்டு ஊடு கட்டி வந்துட்டாங்க. நாத்தம் தாங்கலைன்னு தெனமும் சண்டை. நானும் எத்தனை நாளைக்குங்க மல்லுக்கட்டுறது?"

"வேற ஆராச்சும் வெச்சிருக்கறாங்களா?"

அவர் யோசித்தார். பக்கத்து ஊர்களை எல்லாம் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தது முகத்தில் தெரிந்தது. கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

வெள்ளச்சி போன வழியெல்லாம் கத்தியதைப் போலவே வந்த வழியெல்லாம் கத்தினாள்.

எல்லோருக்கும் வேண்டும், யாருக்கும் வேண்டாம்

எங்கள் செக்கிங் பகுதியில் பதினோரு பெண்கள். அதில் ஏழு பேர் வீட்டில் ஆடு உண்டு. ஒருத்தி இரண்டு வைத்திருப்பாள், ஒருத்தி மூன்று. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் பேச்சு மருமகளில் ஆரம்பித்து ஆட்டில் வந்து நிற்கும். "என்றது இன்னும் போடலெ", "உன்றது ரெண்டா மூணா?" என்று கேட்டுக்கொள்வோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒடிசாப் பெண் ஒருத்தி, எங்கள் பேச்சை ஒரு மாதம் கேட்டுவிட்டு, அவள் ஊரிலும் ஆடு இருக்கிறது என்று செல்போனில் படம் காட்டினாள். அன்றிலிருந்து அவளும் எங்கள் டேபிள்.

முதலிபாளையத்தில் நாங்கள் குடிவந்த புதிதில் எனக்கு ஆடு வளர்க்கத் தெரியாது. முதல் ஆட்டைக் கட்டிங் வேஸ்ட்டில்தான் இழந்தேன். கட்டிங் வேஸ்ட் என்றால் பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுத் துணி. எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகத் தெருவில் கிடக்கும். சாயம் போட்ட துணியில் உப்பு ருசி இருக்குமோ என்னவோ, ஆட்டுக்கு அதன்மேல் ஒரு மயக்கம். ஒருநாள் பச்சை நிற ரிப் துணியை முழம் முழமாக விழுங்கிவிட்டது. வயிறு கல்லாகிவிட்டது. அந்த அழுகையை அப்புறம் ஒரு நாள் எழுதுகிறேன். இந்த வாரம் சிரிப்பதற்கான வாரம்.

அடுத்து வாங்கிய ஆடுகளைத் தெருவில் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. நான் ஷிஃப்டில் இருக்கும்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பழனியம்மா அக்கா தழை போடுவார், தண்ணீர் காட்டுவார். அவரிடமும் செவலை என்று ஓர் ஆடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு நான் தழை போடுவேன். எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம், பேசாமலே ஏற்பட்டது.

ஆனால் ஏழு வீட்டிலும் ஒரு கிடா இல்லை. ஆண் குட்டி பிறந்தால் ஏழெட்டு மாதத்தில் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கிடா வைத்துக்கொண்டால் தீனி தின்னும், சுவரை முட்டும், நாறும். அதனால் எல்லோரும் அடுத்த வீட்டில் ஒரு கிடா இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வெள்ளச்சி அந்த லோடு ஆட்டோவில் கத்தித் தொண்டை கட்டிப்போகும்வரை.

டாக்டரம்மா சொன்னது

அந்தச் சமயத்தில் எங்கள் கொட்டகையிலேயே ஒரு ஆண் குட்டி இருந்தது. கருப்பி என்ற ஆடு போட்டது. எட்டு மாதம். கறுப்பில் வெள்ளைப் பொட்டு, நல்ல எலும்பு.

"ஏன் மேரி, இவனையே வெச்சுக்கிட்டா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாத்தம் ஆரு தாங்கறது?"

"அது வர்றப்பப் பாத்துக்கலாம்."

இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் எல்லாச் சிக்கலுக்கும் அவர் சொல்லும் பதில் இதுதான். ஆனால் இந்த முறை எனக்கும் ஆசை தட்டியது. குட்டிகளுக்குப் பூச்சி மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் கண்டிப்பானவர், ஆனால் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

"உங்ககிட்ட எத்தனை பொட்டை ஆடு இருக்கு?"

"நாலுங்க."

"இவனுக்கு அம்மா யாரு?"

"கருப்பிங்க. குட்டச்சி இவனுக்குக் கூடப் பொறந்தவ."

"அப்ப அவங்க ரெண்டு பேரையும் இவன்கூட விடவே கூடாது. சொந்தத்துக்குள்ள சேந்தா குட்டி சவலையாப் பொறக்கும், தங்காது. மிச்சம் ரெண்டு ஆட்டுக்கு ஒரு கிடாயா? ஒரு நல்ல கிடா இருபது இருபத்தஞ்சு ஆட்டுக்குப் போதும்."

"சினை ஊசி போட முடியாதுங்களா?"

"மாட்டுக்கு மாதிரி ஆட்டுக்கு நெனச்ச நேரத்துக்குக் கெடைக்காதும்மா."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மருந்து பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, "வேற ஊர்ல யார்கிட்டயாவது இதே வயசுல ஆண் குட்டி இருந்தா மாத்திக்குங்களேன். அவங்களுக்கும் இதே தொல்லைதானே இருக்கும்" என்றார்.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மருந்தக வாசலிலேயே நின்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

பல்லடத்துக்குப் போனோம்

செக்கிங்கில் ஒருத்தியின் அக்கா முறையானவர் சரசக்கா. பல்லடம் பக்கத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலை. அவரிடமும் நான்கு ஆடும் ஒரு ஆண் குட்டியும் இருந்தன. போனில் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குட்டியை ஏற்றிக்கொண்டு போனோம்.

தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. சரசக்கா குள்ளமாக, கைவிரல்களில் நூல் அறுத்த கோடுகளுடன் இருந்தார். எங்கள் குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார், சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த என் வீட்டுக்காரரை என் அப்பாகூட இவ்வளவு பார்க்கவில்லை.

"பையன் தேவலைங்க" என்றார். பிறகு தன் குட்டியை அவிழ்த்து வந்தார்.

செம்பழுப்பு நிறம். காது இரண்டும் வெள்ளை. எங்களைக் கண்டு ஒதுங்காமல் நேரே வந்து என் கைப்பையை மோந்து பார்த்தது.

"பொறந்த மூணா நாளே ஆத்தா செத்துப்போச்சுங்க. புட்டிப்பால் குடுத்து வளத்தேன். தறிக்குப் போறப்பக்கூட எடுத்துட்டுப் போவேன். அந்தச் சத்தத்துலயும் என்ற காலடியில படுத்துத் தூங்குவான்."

கயிற்றை என் கையில் கொடுத்தவர், உடனே விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஒண்ணே ஒண்ணுங்க. வெட்டுக்கு மட்டும் குடுத்துறாதீங்க."

"குடுக்க மாட்டனுங்க. நீங்களும் எங்க பையனெக் குடுத்துறாதீங்க."

"ச்சே, குடுப்பனுங்களா?"

கயிறு என் கைக்கு வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்களுக்குக் காபி போட உள்ளே போனார். காபி வர வெகுநேரம் ஆயிற்று.

பெயர் வந்த விதம்

புதியவன் எங்கள் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஓரத்திலிருந்து ஓரம்வரை நடந்தான். ஒவ்வொரு ஆட்டையும் நின்று பார்த்தான். தீனித் தொட்டியை எட்டிப் பார்த்தான். ஒரு வேலையும் செய்யாமல் நடுவில் நின்று தலையை நிமிர்த்திக்கொண்டான்.

"அம்மா, உங்க கம்பெனி மேனேஜர் மாதிரியே இருக்கான்" என்றாள் என் மகள் ஜெனி. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதிலும் பழனியம்மா அக்கா எங்கள் மேனேஜருக்கு மரியாதையும் சேர்த்துக் கொடுத்தார். 'வந்தாரு', 'போனாரு' என்றுதான் சொல்வார்.

இதனால் எனக்கு வேலை போயிருக்க வேண்டியது. ஒருநாள் இரண்டு கையிலும் டி-ஷர்ட் பீஸ்களைப் பிடித்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேரி! மேனேஜர் கயித்தெ அத்துக்கிட்டு ரேஷன் கடைப் பக்கம் ஓடிட்டாரு! அங்க வரிசையில நிக்கிற பொம்பளைகளெயெல்லாம் மோந்து மோந்து பாக்குறாரு, வெசயா வா!"

செக்கிங் பகுதி முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் எங்கள் கம்பெனி மேனேஜர், கையில் சாம்பிளோடு.

"நானா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நிமிடம் முறைத்தார். அப்புறம், "அவருக்காவது ஓடிப் போறதுக்கு ரேஷன் கடை இருக்கு, எனக்கு எங்கெ போறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

அடுத்த வருடம் வெள்ளச்சி இரண்டு குட்டி போட்டாள். குட்டச்சியும் போட்டாள். விஷயம் பரவி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வருவதற்குள் வாசலில் யாராவது ஆட்டோடு நிற்பார்கள். நடந்து வருவார்கள், மொபெட்டில் முன்னால் நிறுத்தி வருவார்கள். மேனேஜர் யாரையும் காக்க வைத்ததில்லை.

வாடை

நாற்றம் என்று நான் முதலில் எழுதியதை ஜெனி படித்துவிட்டு, "அது போதாதும்மா" என்றாள்.

கிடா பருவத்துக்கு வந்தால் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும். அதற்கு அது செண்ட். கொம்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒன்று சுரக்கும். இரண்டும் சேர்ந்த வாடை துணியில் ஏறினால் மூன்று சோப்புப் போட்டாலும் போகாது. ஐப்பசி அடைமழையில் காற்று அசையாமல் நிற்கும்போது தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே எங்கள் வீட்டுக்கு வழி தெரியும்.

ஜெனிக்கு பஸ்ஸில் எப்போதும் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்ததாம். "கூட்டத்துலயும் எனக்கு மட்டும் ஜன்னல் சீட்டும் பக்கத்து சீட்டும் கெடைக்குது. எனக்கு அழறதா சிரிக்கறதான்னே தெரியலெ" என்றாள். நான் கம்பெனிக்குப் போகும்போது உடைமாற்று அறையில் வேறு புடவை கட்டிக்கொண்டு, கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிட்டுத்தான் பீஸைத் தொடுவேன். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது மேனேஜர் ஞாபகம் வரக் கூடாதல்லவா.

இதையெல்லாம் சிரித்தே கடந்தோம். சிரிக்க முடியாத நாள் ஒன்று வந்தது.

பழனியம்மா அக்காவுக்கு ஒரே மகள், சுகன்யா. ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை. கணவரை இழந்த அக்கா, தனியாக நின்று அவளைப் படிக்க வைத்தவர். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்தார். எப்போதும் மதில் சுவர் மேலே தலையை நீட்டித்தான் பேசுவார். முன்வாசல் வழியாக வந்ததுமே ஏதோ விஷயம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மேரி கண்ணு, கோவிச்சுக்காதெ. ரெண்டு எடத்துலிருந்து வந்து பொண்ணெப் பாத்துட்டுப் போனாங்க. ரெண்டு பேருமே பதிலு சொல்லலெ. நாத்தத்துனாலதான்னு நான் சொல்ல வரலெ. ஆனா அதுல ஒரு அம்மா மூக்குல கர்ச்சீப் வெச்சுக்கிட்டதெ நானே பாத்தேன்."

"அக்கா..."

"வர்ற ஞாயித்துக்கெழமை பல்லடத்துப் பக்கமிருந்து ஒரு எடம் வருது. நல்ல எடம். அன்னிக்கு மட்டுமாச்சும் அவரெ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க. அப்பறம் நீங்களே ரோசனை பண்ணி ஒரு முடிவு எடுங்க."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் இல்லாத நேரமெல்லாம் என் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிய கை அவருடையது. அவர் மகள் கல்யாணத்துக்கு என் கிடா குறுக்கே நிற்பதா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரசக்காகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார். கேட்டேன்.

"இங்க ஏற்கெனவே உங்க பையன் இருக்கறானுங்க. ரெண்டு கெடா ஒரு பட்டியில நிக்காதுங்க, முட்டிக்கிட்டே செத்துரும்" என்றார் சரசக்கா. பின்னால் தறி ஓடும் சத்தம். "வேற வழியில்லீன்னா... உங்க இஷ்டங்க."

அந்த 'உங்க இஷ்டங்க' காதில் ஒட்டிக்கொண்டது. வளர்ப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேரைக் கேட்டேன். எல்லோரும் ஆடு கொண்டுவருவோம் என்றார்களே தவிர, கிடாயைக் கொண்டுபோவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் வெட்டுக்கு ஆடு வாங்கும் வியாபாரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கை நானே முறிக்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போனார். ஒரு கட்டு வேப்பந்தழை ஒடித்து வந்து மேனேஜருக்குப் போட்டுவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

பெண் பார்க்க வந்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் மேனேஜரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பரின் காலி இடத்துக்குப் போய்விட்டார். நான் கொட்டகையை பினாயில் ஊற்றிக் கழுவினேன், சாம்பிராணி போட்டேன். ஜெனி பக்கத்து வீட்டுக்குப் போய் சுகன்யாவுக்குத் தலை பின்னிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை நிட்டிங் மெஷின் மெக்கானிக். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் காது கொடுத்து நின்றேன். காபி, கேசரி, 'உக்காருங்க', 'இருக்கட்டுங்க' எல்லாம் கேட்டது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை என்று ஜெனி உள்ளேயிருந்து மெசேஜ் அனுப்பினாள்.

அப்போது பழனியம்மா அக்காவின் செவலை கத்தியது.

ஒரு முறை இல்லை. விடாமல், வீடு அதிரக் கத்தியது. எனக்கு அந்தக் கத்தல் நன்றாகத் தெரியும்.

"ஏனுங்க, ஆடு எதுக்கு இப்படிக் கத்துது?" மாப்பிள்ளையின் அம்மாவின் குரல்.

"அது... பசிக்குங்க" என்றார் அக்கா.

"பசிக் கத்தல் இப்படி இருக்காதுங்களே."

பட்டுப் புடவை சரசரக்க அந்த அம்மாள் கொல்லைப் பக்கம் வந்துவிட்டார். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செவலையின் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"பசியுமில்லெ ஒண்ணுமில்லெ, பருவத்துக்கு வந்துருக்குதுங்க. எங்கூட்டுல ஆறு உருப்படி இருக்குதுங்க, எனக்குத் தெரியாதா? இன்னிக்கு விட்டா மூணு வாரம் போயிரும். பக்கத்துல கெடா இல்லீங்களா?"

பழனியம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஓடியதை எல்லாம் எழுத இந்த இதழ் முழுவதும் வேண்டும். கடைசியில் மதிலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"மேரி! மேனேஜரெ ஒடனே வரச் சொல்லு!"

உள்ளே மாப்பிள்ளையின் அப்பா கேசரித் தட்டோடு எழுந்துவிட்டார். "ஞாயித்துக்கெழமையிலகூட கம்பெனி மேனேஜரெ எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க? பொண்ணெப் பத்தி அவரு வந்து சொல்லோணுமுங்களா?"

ஜெனியால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்ததில் சுகன்யா சிரித்துவிட்டாள். என்னவென்று கேட்ட மாப்பிள்ளைக்கு சுகன்யாவே விளக்கினாள். அவன் நாற்காலியிலிருந்து விழாத குறை. அதுவரை அவள் தரையையும் அவன் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்ட அரை மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. வாடை முதலில் வந்தது, பின்னால் மேனேஜர். மாப்பிள்ளையின் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கெடான்னா இதுங்க!" என்றார். "ஆருதுங்க இது? எங்க பக்கமெல்லாம் ஒண்ணு இல்லாம நாங்க படுற பாடு இருக்குதே!"

"என்றதுதானுங்க" என்றேன். இந்த இரண்டு வருடத்தில் அதை நான் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

போகும்முன்பே மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கிடாயைப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஜாதகம் பொருந்தாமல்தான் பதில் சொல்லவில்லை என்று பின்னால் தரகர் சொல்லித் தெரிந்தது. கர்ச்சீப் வைத்த அம்மாவுக்குச் சளியாம்.

அன்று சாயங்காலம் அக்கா மதில் மேல் தலையை நீட்டினார்.

"திங்கக்கெழமை ஆரோ வர்றாங்கன்னு சொன்னியே, வர வேண்டாம்னு சொல்லிப்போடு."

"நாத்தம்?"

"கொட்டகையெ அந்தக் கோடிக்கு மாத்திக்க. வாரம் ஒருக்காக் குளிக்க ஊத்து. மிச்சம் இருக்கறதெ நான் தாங்கிக்கிறேன். செவலை போன தடவையும் அவராலதான் சினை நின்னுச்சு, அதெ மறந்துட்டு நான் பேசிட்டேன்."

ஜெனி தன் துணி காயப் போடும் கொடியை மாடிக்கு மாற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். என் வீட்டுக்காரர் அப்போதே கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் குழி தோண்டப் போனார். சரசக்காவுக்குப் போன் செய்து, "குடுக்கலீங்க. இங்கயேதான் இருப்பான்" என்றேன்.

"நல்லாத் திங்கிறானுங்களா?" என்றார் சரசக்கா.

"என்னை மிச்சம் வெச்சிருக்கான், அவ்வளவுதானுங்க" என்றேன். அவர் சிரித்த சத்தம் தறிச் சத்தத்தை மீறிக் கேட்டது.

இந்தக் கலகலப்பில் வியாபாரிக்குச் சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கயிறும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. குடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டமுங்க. கெடா வளப்புக்குத்தான்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கொடுத்த டீயை மெதுவாகக் குடித்தார். கிளம்பவே இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் கடைசியில். "எங்கூட்டுக்காரி ரெண்டு ஆடு வெச்சிருக்கறாளுங்க. நேத்திலிருந்து ஒண்ணு ஒரே கத்து. இந்தச் சுத்துல இருந்த கெடாயெல்லாம் நானே ஓட்டிட்டுப் போயிட்டனுங்க. இப்ப எங்க போறதுன்னு தெரியலெ. கூட்டியாரட்டுங்களா?"

"வெசயாக் கூட்டியாங்க" என்றேன். "எட்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டு."